மேலே ஏறி இறங்கும் குழாய்

சுரண்டியின் மனைவி அவனை விட்டுப் போய் அன்றோடு இருபத்து மூன்று நாள். வேறு ஒருவன் மேல் மனசு வைத்துப் போகவில்லை. குடித்தான், அடித்தான் என்றும் போகவில்லை. கக்கூஸால் போனாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கூட வேலை செய்கிறவர்கள், "என்னப்பா, வீட்டுல ஆளைக் காணோம்?" என்று கேட்டால், "அக்கா வீட்டுக்குப் போயிருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அதுவும் பொய்யில்லை.

சுரண்டி என்பது பட்டப்பெயர். படகுகளைக் கரையேற்றி, அடிப்பாகத்தில் கல்லுக் கல்லாக ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டி எடுப்பது அவன் வேலை. பதினேழு வருஷம் சுரண்டியதில் பெற்றவர்கள் வைத்த பெயர் உதிர்ந்துவிட்டது, இது ஒட்டிக்கொண்டது.

குடியிருப்பதும் படகில்தான். பழைய பாய்மரப் படகு. பாய் விரித்துப் பல வருஷமாகிறது. சொந்தக்காரர் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறார். படகைப் பார்த்துக்கொள்ள வேண்டியது, அதற்கு ஈடாக அதிலேயே இருந்துகொள்ளலாம் என்பது பேச்சு. கல்யாணமான மறுவாரமே பெண்டாட்டியைக் கூட்டிவந்து இதில்தான் குடிவைத்தான். அவளும் முகம் சுளிக்கவில்லை. குனிந்தே நடக்கப் பழகினாள், ஒற்றை அடுப்பில் சமைக்கப் பழகினாள். தலையில் இடித்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் பழந்துணியைச் சுருட்டி ஆணி அடித்து வைத்தாள். இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

வீட்டுக் கக்கூஸ் வேறு, படகுக் கக்கூஸ் வேறு. இதில் மேலே தொட்டி கிடையாது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பம்பு. அதை மேலும் கீழும் அடித்தால் ஒரு வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வரும், இன்னொரு வழியாக உள்ளே கிடப்பது வெளியே போகும். வெளியே போகிற ஹோஸ் நேராகப் போகாது. கிண்ணத்தின் அடியில் கிளம்பி, சுவரோரமாக மேல்தளம் வரை ஏறி, அங்கே வில்லாக வளைந்து, திரும்பக் கீழே இறங்கிப் படகின் அடியில் இருக்கும் ஓட்டைக்கு வந்து சேரும். ஓட்டையில் ஒரு பித்தளை வால்வு, அதற்கு ஒரு கைப்பிடி.

நாலு மாதமாகவே பம்பு இறுகிக்கொண்டு வந்தது. "அடிக்க முடியலங்க, கை விட்டுப்போகுது" என்று அவள் சொன்னாள். "நாளைக்குப் பாக்குறேன்" என்று அவன் சொன்னான். நாள் முழுக்க அடுத்தவன் படகைச் சுரண்டிவிட்டு வருகிறவனுக்குத் தன் படகைத் தொடக் கை வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாலு மாதம் போனது. ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு பம்பை அடித்தாள். அடைத்திருந்த ஹோஸ் பிடுங்கிக்கொண்டு அடித்தது. அலமாரி அளவு அறை. ஒதுங்க இடமில்லை. தலையிலிருந்து கால் வரை.

படகுத்துறைக் குழாயடியில், நாலு பேர் பார்க்க, கட்டிய துணியோடு உட்கார்ந்து தலைமேல் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. அதுதான் சுரண்டியைப் பயமுறுத்தியது. துணி மாற்றி, பையை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னாள்: "சரிபண்ணிட்டுச் சொல்லுங்க. வந்து பாக்குறேன். பாத்துட்டு, இருக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்."

கக்கூஸைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை என்பது அவனுக்கே விளங்கியது.

அவள் போய்ச் சேர்ந்த இடம் அக்கா வீடு. அக்காவின் புருஷன், அதாவது சுரண்டியின் சகலை, கட்டடங்களுக்குக் குழாய் போடுகிறவர். ஊரில் பாதி மாடி வீடுகளில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் தன் கையால்தான் என்று சொல்லிக்கொள்வார். அதில் பொய்யும் அதிகமில்லை. போன வாரம் அவரே சுரண்டி வேலை செய்யும் படகு யார்டுக்கு வந்து நின்றார்.

"இந்தா பாரு சகலை. என் வீட்டுல இருக்கறது ஒரே ஒரு கக்கூஸ். மாமியார், பொண்ணு, உன் பொண்டாட்டி, என் பொண்டாட்டி. காலைல வரிசையில அஞ்சாவது ஆளா நான் நிக்கிறேன். ஊருக்கெல்லாம் கக்கூஸ் கட்டிக் குடுத்தவன், துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்கிறேன். உன்னை நம்பினா ஆகாது. நானே வர்றேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்."

"சிரமம் எனக்கா? என் வயித்துக்குடா."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலு மணிக்கு அக்காவும் தங்கையும் வந்து பார்ப்பதாகப் பேச்சு. சகலை பத்து மணிக்கே வந்துவிட்டார், ஒரு கையில் அறுக்கும் வாள், இன்னொரு கையில் சாமான் பை. புது ஹோஸைச் சுரண்டி வாங்கி வைத்திருந்தான். பழைய ஹோஸ் ஏறி, வளைந்து, இறங்கும் வழி முழுக்கக் கயிறு பிடித்து அளந்து, அதே நீளத்துக்கு வாங்கிய ஹோஸ். கிண்ணத்துக்கும் வால்வுக்கும் நடுவில் மாட்டும் புது ரப்பர் நாக்கையும் வாங்கி வைத்திருந்தான். போவதை விடும், வருவதை விடாது, அதுதான் அந்த நாக்கின் வேலை.

முதலில் அடி வால்வை மூட வேண்டும். உப்பேறி இறுகிக் கிடந்தது. யார்டு ஸ்டோர்காரரிடம் கெஞ்சி நீள ரெஞ்சு ஒன்றை வாங்கிவந்தான். இருவரும் சேர்ந்து தொங்கிய பிறகு முனகிக்கொண்டு திரும்பியது. பழைய ஹோஸைக் கழற்றி வெளியே இழுத்துப் போட்டார்கள். சகலை அதை வாளால் குறுக்கே அறுத்துப் பார்த்தார். உள்ளே சுற்றிலும் வெள்ளையாகக் கல் படிந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் ஓட்டைதான் மிச்சம்.

"இதுல எப்படிடா போகும்? நல்லா வாழ்ந்தீங்க புருஷனும் பொண்டாட்டியும்."

சுரண்டி அந்தப் பென்சில் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். இதை எதிர்த்துத்தான் நாலு மாதம் அவள் பம்பை அடித்திருக்கிறாள்.

பிறகு சகலை அறைக்குள் தலையை நுழைத்து, பழைய ஹோஸ் போன தடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மேலே போனார், கீழே வந்தார். வெளியே வந்து இடுப்பில் கையை வைத்தார்.

"எவன் போட்ட வேலை இது?"

"படகு கட்டினப்பவே போட்டதுண்ணே."

"ஓட்டை இங்க இருக்கு. கிண்ணம் இங்க இருக்கு. நடுவுல ஒரு கை தூரம். இதுக்கு மேல கூரை வரைக்கும் ஏத்தி, வளைச்சு, எறக்கிக் கொண்டாந்திருக்கான். பீ மலையேறுமா? நீ சொல்லு. எந்த ஊர்லயாவது ஏறுமா? அதான் நடுவழில நின்னு கல்லாப் போச்சு."

"எல்லா போட்டுலயும் இப்படித்தாண்ணே இருக்கும்."

"ஏன் இருக்கும்?"

சுரண்டி வாயைத் திறந்தான். எத்தனையோ படகுகளுக்குள் புகுந்து வேலை செய்திருக்கிறான். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கிண்ணம் இருக்கும் படகு எல்லாவற்றிலும் இந்த வளைவு உண்டு. வளைவில்லாத ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. ஆனால் ஏன் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. அடியைச் சுரண்டுகிறவனை யார் உட்காரவைத்துப் பாடம் எடுப்பார்கள்? கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை.

"ஏதோ காரணத்தோடதான் வெச்சிருப்பாங்க..."

"மொதல்ல ஒருத்தன் தப்பாப் போட்டிருப்பான். அதைப் பாத்து அடுத்தவன். அவனைப் பாத்து இன்னொருத்தன். முப்பது வருஷமா நான் பாக்காததா? குழாய்னா சரிவு. சரிவுன்னா குழாய். அவ்வளவுதான் சமாசாரம்."

சொல்லிக்கொண்டே புது ஹோஸின் ஒரு முனையை எடுத்து, ஒரு கை நீளம் அளந்து, வாளை அதன் மேல் வைத்தார்.

"அண்ணே."

"என்ன?"

வாள் நின்றது. அந்த நேரத்தில் சுரண்டியின் மனதில் ஓடியது ஹோஸ் இல்லை. பெண்டாட்டி இவர் வீட்டில் சாப்பிடுகிறாள், இவர் வீட்டில் தூங்குகிறாள். இவர் ஒருவர்தான் அவளிடம் தனக்காக நாலு வார்த்தை பேசுகிறவர். லீவு நாளை விட்டுவிட்டு, சட்டையெல்லாம் நாற, முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறார். இவரிடம் போய், உங்களுக்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால், நாலு மணிக்கு எதைக் காட்டுவது?

"ஒண்ணுமில்லண்ணே."

வாள் ஓடியது. எட்டுக் கை நீளமிருந்த ஹோஸில் ஒரு கை நீளம் துண்டாக விழுந்தது. மிச்சத்தைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, "இதை வேற எதுக்காச்சும் வெச்சுக்கோ" என்றார் சகலை.

மாட்டி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசியில் அடி வால்வைத் திறக்க வேண்டும். ரெஞ்சைக் கைப்பிடியில் மாட்டி இழுத்தார்கள். வால்வு முழுசாகத் திறந்தது. திறந்த வேகத்தில் கைப்பிடி கழுத்துக்கு மேலே முறிந்து சுரண்டியின் கையில் வந்துவிட்டது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு, பொம்மையை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி, சகலையைப் பார்த்தான்.

"திறந்துடுச்சில்ல?"

"திறந்துடுச்சு. ஆனா இனிமே மூட முடியாதே."

"எதுக்கு மூடணும்? சாக்கடைக்கு எவனாவது வால்வு வைப்பானா?"

வெள்ளோட்டம் பார்க்கும்போது சகலை ஒரு கொத்து டிஷ்யூவைக் கசக்கிக் கிண்ணத்தில் போட்டார். "நாங்க வீட்டுல இப்படித்தான் பாப்போம். இது போச்சுன்னா எது வேணா போகும்." பம்பை நாலு அடி அடித்தார். சர்ரென்று போனது. சுரண்டி அடித்துப் பார்த்தான். ஒரு விரலால் அடிக்கலாம் போல அவ்வளவு லேசு. இத்தனை நாளில் முதல் தடவையாக அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒருவேளை சகலை சொல்வதே சரியோ? எல்லாப் படகுக்காரர்களும் முட்டாள்களாக இருக்கக் கூடாது என்று சட்டமா?

ரெஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். ஸ்டோர்காரர் வாங்கி வைத்துவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போனார்.

சொன்னபடி நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்தப் பலகையில நடந்து வர்றதுக்கே தனியாத் தைரியம் வேணும் போல" என்றபடி ஏறினாள். படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பின்னால் அவன் மனைவி ஏறினாள். மெலிந்திருந்தாளா, அல்லது பார்த்து நாளானதால் அப்படித் தெரிந்ததா என்று சுரண்டிக்குப் பிடிபடவில்லை.

"வா" என்றான்.

"ம்" என்றாள்.

அவள் நேராகக் கீழே இறங்கினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே மூன்று பேரும் காத்து நின்றார்கள். பம்பு சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தண்ணீர் போகிற சத்தம். வெளியே வந்தவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அடுப்புப் பக்கம் போனாள், பாத்திரங்களைத் திறந்து பார்த்தாள்.

"டீத்தூள் இருக்கா?"

"இருக்கு. மேல் தட்டுல."

"மேல் தட்டுலதான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இருக்கான்னுதான் கேட்டேன்."

சகலை சுரண்டியின் விலாவில் முழங்கையால் இடித்தார். கண்ணைச் சிமிட்டினார்.

நாலு பேரும் மேலே, சுக்கானுக்கு முன்னால் உள்ள பெஞ்சுகளில் எதிரெதிராக உட்கார்ந்து டீ குடித்தார்கள். வெயில் தணிந்திருந்தது. சகலை தன் வேலையை விவரித்துக்கொண்டிருந்தார். பீ மலையேறின கதை இரண்டு தடவை வந்தது. இரண்டாம் தடவை அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, டீ குடிக்கிறப்போ வேற பேச்சே இல்லையா உங்களுக்கு?"

"எனக்குச் சோறு போடுறதே அந்தப் பேச்சுதாம்மா."

"என்னங்க, போதும்" என்றாள் அக்கா. "சரிடி, உன் துணிமணியெல்லாம் எப்ப எடுத்துட்டு வரலாம்?"

அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே, "நாளைக்கு வேலை முடிஞ்சு எடுத்துக்கறேன்" என்றாள்.

சுரண்டி தலையைக் குனிந்துகொண்டான். சரியாக அந்த நேரத்தில்தான் அவன் காதில் அது விழுந்தது. கீழேயிருந்து ஒரு மெல்லிய சத்தம். விளிம்பு தாண்டித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் சத்தம். வேறு யாருக்கும் கேட்கவில்லை. படகில் தூங்கிப் பழகியவன் காதுக்குத்தான் அது கேட்கும்.

அவன் எழுந்து போயிருக்க வேண்டும், எழவில்லை. எழுந்தால் என்ன என்று கேட்பார்கள், சொல்ல வேண்டிவரும். நாளைக்கு எடுத்துக்கறேன் என்று அவள் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரம் போகட்டும், தானாக நின்றாலும் நின்றுவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். நிற்காது என்று தெரியும். சொட்டு ஒழுக்காக மாறுவதைக் கேட்டுக்கொண்டே, சகலை சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, ஆறிப்போன டீயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவளும் ஒரு தடவை அவனைப் பார்த்தாள். "என்ன?" என்று கண்ணாலேயே கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்று தலையை அசைத்தான்.

அக்காதான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போனாள். போனவள் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்:

"தம்பி, இங்க கணுக்கால் அளவுக்குத் தண்ணி நிக்குதே. இப்படித்தான் இருக்குமா?"

சுரண்டி இறங்கி ஓடினான். கிண்ணம் நிறைந்து, நாலாபக்கமும் வழிந்துகொண்டிருந்தது. சகலை போட்ட டிஷ்யூக் காகிதத்தில் ஒரு துணுக்கு, கடைசியாகப் பம்பை அடித்தபோது ரப்பர் நாக்கில் சிக்கி, நாக்கு மூடாமல் நின்றிருக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு கடல் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே. வெளியே உள்ள கடல் முழுவதும் அந்த ஒரு கை நீள ஹோஸ் வழியாக உள்ளே வரப் பார்த்தது. கைப்பிடி இல்லாத வால்வின் மொட்டைக் கழுத்தை விரலால் திருகினான். அசையவில்லை. சகலை தன் சின்ன ரெஞ்சை வைத்துத் திருகினார். வழுக்கி வழுக்கி விரல் கணுவைத்தான் கிழித்துக்கொண்டார்.

ஒரே வழிதான் இருந்தது. சுரண்டி ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி, கிண்ணத்திலிருந்து பிடுங்கினான். முகத்தில் பீய்ச்சி அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஹோஸின் வாயை முடிந்த மட்டும் மேலே தூக்கினான். தண்ணீர் ஏறியது, ஏறியது, வாய்க்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. கடலின் மட்டம் அது.

சகலை அதைப் பார்த்தார். ஹோஸைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"அதுக்குத்தானா?" என்றார். குரல் இறங்கிவிட்டது.

அவர் ஹோஸைக் கயிறு போட்டுத் துண்டு மாட்டும் கம்பியோடு கட்டிப் பார்த்தார். கம்பி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஹோஸின் வாயில் துணியைத் திணித்துப் பார்த்தார். கொஞ்சம் தாழ்த்தினாலே துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஹோஸ் விறைப்பானது, விட்டால் பழையபடி கீழே வளைந்துவிடும். சுரண்டி முட்டிபோட்டு, இரண்டு கையாலும் அதை நெஞ்சு உயரத்துக்கு இழுத்துப் பிடித்தபடி இருந்தான்.

"நீ அப்படியே புடிச்சிரு. நான் பெரிய ரெஞ்சு கொண்டாறேன்" என்று சகலை மேலே போனார்.

அவன் மனைவி வாசலில் நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றி மேல்படியில் வைத்துவிட்டு வாளியை எடுத்தாள். தண்ணீரை மொண்டு, அடுப்பை ஒட்டி, கடலுக்கு வழி வைத்திருந்த பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினாள். பதினைந்து, இருபது வாளி இருக்கும். தரை தெரியத் தொடங்கியதும் நிறுத்தினாள்.

"அந்தக் குழாய் மேல போய் வர்றது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எதுக்குன்னு தெரியாது. வேணும்னு தெரியும்."

"மாமா வெட்டுறப்போ சொன்னீங்களா?"

"சொல்ல வந்தேன்."

"சொன்னீங்களான்னு கேட்டேன்."

"இல்ல."

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "மேல உக்காந்திருந்தப்போ உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சு. இல்ல?"

பொய் சொல்லலாம். இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருக்கிறவனுக்குப் பொய் சொல்லக்கூட வராது போலிருக்கிறது.

"கேட்டுச்சு."

"எப்ப?"

"நாளைக்கு எடுத்துக்கறேன்னு நீ சொன்னப்போ."

அவள் அவனைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவன் முகத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றித் துடைத்துவிட்டாள். கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாக, நிதானமாக. அவன் ஹோஸை விடாமல் அசையாமல் இருந்தான்.

"நான் கேட்டேனே, என்னன்னு கண்ணால கேட்டேனே" என்றாள். "அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

அவன் ஹோஸை இன்னும் ஒரு விரல் மேலே தூக்கிப் பிடித்தான்.

மேலே சகலையின் காலடி கேட்டது. இறங்கும் ஓட்டை வழியாகத் தலையை மட்டும் நீட்டினார்.

"சகலை, பெரிய ரெஞ்சு வண்டியில இல்ல. வீட்டுலதான் கெடக்கு. ஸ்டோர்காரன் போனை எடுக்கல. போய் எடுத்துட்டு வந்துடறேன், முக்கா மணி நேரம். தாங்குவியா?"

"தாங்கறேண்ணே."

"இவங்களை வீட்டுல விட்டுட்டு அப்படியே வந்துடறேன்." பிறகு தன் மச்சினியைப் பார்த்து, குரலைத் தணித்து, "நீ எப்படிம்மா? இருக்கியா, வர்றியா?" என்றார்.

அவள் வாளியைப் பார்த்தாள். அதை எடுத்து, அவன் கைக்கு எட்டாவிட்டாலும் காலால் இழுத்துக்கொள்ளும் தூரத்தில் வைத்தாள். ஈரத் துணியைப் பிழிந்து அவன் தோளில் போட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வர்றேன் மாமா."

முதலில் அக்கா இறங்கினாள், படகு குலுங்கியது. அடுத்து சகலை, இன்னொரு குலுக்கல். மூன்றாவதை அவன் எதிர்பார்த்துக்கொண்டு இருந்தான். படகு அசையவில்லை. படகை அசைக்காமல் ஏறி இறங்க அவள் இரண்டு வருஷத்தில் பழகியிருந்தாள். அதனால் ஒரு நிமிஷம், இன்னும் மேலேதான் நிற்கிறாளோ என்று அவனுக்குத் தோன்றியது.

"இருக்கியா?" என்று கூப்பிட்டான்.

பலகை மேல் மூன்று பேரின் காலடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஹோஸுக்குள் தண்ணீர் அவன் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. வலது கை மரத்துப்போய்விட்டது. விட்டுவிடாமல் கையை மாற்றிப் பிடிப்பது எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தான்.